திரும்பப் பெற்ற கட்டுரை

ஆய்வகத்தில் அவளுக்கு ‘மூணுதடவை’ என்று பெயர். எந்தச் சோதனையையும் மூன்று தடவை செய்து பார்க்காமல் வாயைத் திறக்கமாட்டாள். நாற்பத்தொரு வயது. பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிர்த்தெருவில், ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும் கொண்ட வீட்டில் தனியாக இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போவாள். குப்பிகளில் வளரும் செல்களுக்குக் கிழமை தெரியாது. அவை மிதக்கும் ரோஜா நிறத் திரவம் மஞ்சளாகிவிட்டால் பசி என்று பொருள், மாற்றியே ஆகவேண்டும். விடுமுறையன்று அப்படி என்ன வேலை என்று அம்மா ஒருமுறை போனில் கேட்டாள்.

“சாப்பாடு குடுக்கணும்மா. இல்லன்னா செத்துரும்.”

“அதுக்கு ஒரு நாய்க்குட்டிய வளத்திருக்கலாம். வாலையாவது ஆட்டும்” என்றாள் அம்மா.

அம்மா அண்ணன் வீட்டில் இருந்தாள். அவர்களுக்கெல்லாம் இவள் கேன்சருக்கு மருந்து கண்டுபிடிக்கிறவள். சொந்தத்தில் யாருக்குக் கட்டி வந்தாலும் அண்ணி ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பிவிடுவாள். நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி இவளுக்கு வாய் வலித்துவிட்டது.

உண்மையில் அவள் கட்டி அழுதது ஒரே ஒரு கேள்வியைத்தான். டி செல்கள் உடம்பின் காவல்காரர்கள். புற்றுநோய்ச் செல்லைக் கண்டால் கொல்லவேண்டும். ஆனால் சில கட்டிகள் அவற்றின் பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொள்ளும். கணையத்தில் வரும் கட்டி இதில் கைதேர்ந்தது. பிரேக்கை மிதிக்கும் அந்தக் காலைத் தட்டிவிடும் ஒரு மருந்துப்பொருளை நான்கு வருடம் முன்பு அவள் கண்டாள். டி செல்களோடு அதைச் சேர்த்ததும் கணையச் செல்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன. மூன்று தடவை பார்த்தாள். கட்டுரை வெளியானது. பேராசிரியர் போன இடமெல்லாம் அதைப் பேசினார். பக்கத்து மேசை ஆராய்ச்சி மாணவி தன் முனைவர் பட்ட வேலையையே அதன்மேல் கட்டினாள். அக்கா அக்கா என்று சுற்றிவருவாள். மதியம் இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுவார்கள். நாள் முழுக்க இவள் வாய்விட்டுப் பேசியது அந்த அரைமணி நேரம்தான்.

உறைகலனில் வைத்திருந்த செல்கள் தீர்ந்துபோக, புதிதாக வரவழைத்தாள். நுண்ணோக்கியில் பார்த்தவுடனே எங்கோ இடறியது. புதியவை கூழாங்கற்களைப் போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பழையவை இரு முனையும் நீண்டு, தனித்தனியாக இருந்தன. புதியவற்றில் டி செல்களையும் மருந்தையும் சேர்த்தாள். ஒன்றும் சாகவில்லை. மறுபடி செய்தாள். மறுபடியும். பிறகு குப்பியில் மிச்சமிருந்த பழையவற்றையும் புதியவற்றையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பினாள்.

பத்து நாளில் பதில் வந்தது. இத்தனை வருடமும் அவள் வளர்த்தது கணையச் செல்களே அல்ல. தோல் புற்றுநோய்ச் செல்கள். டி செல்களிடம் எளிதில் மாட்டிக்கொள்ளும் ரகம்.

பழைய குறிப்பேடுகளை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். விஷயம் அவள் கையெழுத்திலேயே இருந்தது. அந்தச் சோதனைகளைத் தொடங்குவதற்குச் சில மாதம் முன்பு ஒரு நாள், விடுப்பில் போன ஒருவருக்கு உதவியாக, அவருடைய தோல் புற்றுநோய்ச் செல்களுக்கும் அவளே திரவம் மாற்றியிருக்கிறாள். இரண்டுக்கும் ஒரே பாட்டில் திரவம். தோல் செல் கலந்த ஒரு துளி அதில் தெறித்தால் போதும். வேகமாக வளர்வது மெதுவாக வளர்வதை ஒரு மாதத்தில் விழுங்கிவிடும். மூன்று தடவை என்ன, முந்நூறு தடவை செய்திருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல யார் இருந்தார்கள்? அம்மாவிடம் சொன்னால், சரி, வேறு நல்ல செல்லாகப் பார்த்து வாங்கிக்கொள் என்பாள். மூன்றாம் நாள் காலை பேராசிரியர் அறைக்குப் போய் முடிவுகளை மேசைமேல் வைத்தாள். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். யாருக்கும் தெரியாது என்றாள்.

“அந்தப் பொண்ணு பட்டம் வாங்கட்டும். ஆறு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம்மா.”

“அதுக்குள்ள இன்னும் எத்தனை பேர் இத நம்பி வேலை செய்வாங்க சார்?”

அவர் தாள்களை அடுக்கி அவளிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

மாணவியிடம் அவளே சொன்னாள். அந்தப் பெண் அழவில்லை, சத்தம் போடவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“வேற பாட்டில் எடுத்திருக்கக் கூடாதாக்கா?”

 மறுநாளிலிருந்து அந்தப் பெண் வேறு மேசையில் சாப்பிட்டாள். ஒன்றரை வருடம் பிந்திப் பட்டம் வாங்கிக்கொண்டு, பொதுவாக எல்லோருக்கும் ஒரு கையசைப்போடு போய்விட்டாள்.

கட்டுரை திரும்பப் பெறப்பட்ட சில வாரங்களில், முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. வேறொரு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் அந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தாராம், ஒருமுறைகூடப் பலிக்கவில்லையாம். உனக்குச் சுத்தமாக வேலை செய்யத் தெரியவில்லை என்று வழிகாட்டி சொல்லிவிட்டாராம். ஆராய்ச்சியை விட்டுவிட்டு இப்போது பள்ளியில் பாடம் நடத்துகிறாராம். தப்பு என்மீது இல்லை என்று இப்போதாவது தெரிந்ததே, நன்றி என்று முடித்திருந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மன்னிப்புக் கேட்டு நான்கு வரி எழுத ஒரு மத்தியானம் முழுவதும் ஆனது. அதற்குப் பதில் வரவில்லை.

அவள் வேலையை விடவில்லை. சரியான செல்களை வைத்து இன்னும் இரண்டு வருடம் பார்த்தாள். கணையக் கட்டியிடம் அந்த மருந்து செல்லாது என்பது உறுதியானது. அதையும் எழுதினாள், சின்னக் கட்டுரை, இரண்டே படங்கள். வெளியான அன்று ஆய்வகத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மதியம் ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிட்டாள். டப்பாவைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு மேசைக்குத் திரும்பினாள்.