வெடிக்குழாயில் ஒரு போலந்து ஊர்

திருத்தங்கலில் நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு, போலந்தில் இருக்கும் சின்ன ஊர் ஒன்றைப் பற்றிய புத்தகம் ஆர்டராக வந்தது. பிழை பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஆறு எங்கே வளைகிறது, சந்தை எந்தப் பக்கம் கூடுகிறது, எல்லாம் எனக்கு மனப்பாடம். பலமுறை எரிந்த ஊர் அது. ஒவ்வொரு முறையும் செத்தவர்கள் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

வண்ணம் பிசகிய தாள்களை எடைக்குப் போடுவோம். பட்டாசுக்காரர்கள் அதை வாங்கி வெடிக்குக் குழாய் சுற்றுவார்கள். தாயில்பட்டியில் அந்த வேலைக்குப் போகும் என் அக்கா ஒருநாள் கேட்டாள்:

"ஏலே, ஆத்தோட ஒரு ஊருப் படம் வருதே, அது எங்கன இருக்கு? அம்புட்டுப் பச்சையா இருக்கு."

போன சீசனில் அவளுக்குப் பக்கத்து ஷெட் வெடித்தது. அவளோடு தினமும் பஸ்ஸில் போய்வந்த பெண்கள் செத்துப்போனார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, கருகிய குழாய் ஒன்றில் அந்த ஆறு பாதி மிச்சமிருந்தது. இத்தனை கருகியும் பச்சை மாறாமல் இருந்த அந்த ஊர் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. காலால் மிதித்தேன்.

இப்போது அதே இடத்தில் புது ஷெட் நிற்கிறது. செத்தவர்கள் பெயர் எங்கேயும் இல்லை, சுண்ணாம்பு வாசம்தான் அடிக்கிறது. ஆள் பத்தவில்லை என்று அக்காவை அங்கே மாற்றிவிட்டார்கள்.