ஒளு முறியாமல் பிடித்த கை

பிள்ளைகளே, நேற்று அந்தி மஃரிப் தொழுகையில், நெற்றி நிலத்தில் வைத்த சுஜூதிலிருந்து எழும்பும்போது என் முழங்கால் 'சடக்' என்றது. தொழுது முடித்தும் மனம் இங்கே இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நாங்கள் இருந்த மலைநாட்டு நோர்வூட் வீட்டுக்குப் போய்விட்டது.

புடவைக்கடைக்குப் பின்னால் தகரக்கூரை வீடு. மழை ஈரமும் விறகுப் புகையும் எல்லாக் கம்பளியிலும் ஏறியிருக்கும். அத்தா, அம்மாவுக்கு நான் கடைக்குட்டி. எனக்கு நினைவு தெரியும்போதே அத்தாவுக்கு வயதாகிவிட்டது. தொழுததும் கையேந்தி துஆ கேட்பார். "யா அல்லாஹ், வயசான காலத்துல பொறுமையையும் பலத்தையும் குடு. யாரு கையையும் எதிர்பாக்க வச்சிராத."

ஒரு மாலை அப்படிக் கேட்டு முடித்தவரால் பாயைவிட்டு எழும்ப முடியவில்லை. அம்மா ஓடிவந்து கை நீட்டினார்.

"தொடாத ஆமினா, ஒளு முறிஞ்சிரும். ராத்திரி இஷாவும் தொழணும்."

மனைவியின் கை பட்டால், தொழுகைக்காகக் கைகால் முகம் கழுவிய ஒளு முறியும் என்பது எங்கள் வழக்கம். அந்தக் குளிரில் மறுபடி கைகால் கழுவுவது லேசல்ல. அம்மா தோல் படாதபடி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"இப்ப புடிங்க. நீங்க கேட்ட பலத்த அல்லா எங்கிட்டதான் குடுத்து வச்சிருக்கான்."

அத்தா வெட்கத்தோடு சிரித்து, பிடித்து எழுந்தார்.

இஷாவுக்குப் பிறகு துஆ மாறியிருந்தது. "பலம் போனாலும், குடுக்குற கைய புடிக்கிற பொறுமையக் குடு."

"ஆமீன்" என்றார் அம்மா, அடுப்படியிலிருந்து சத்தமாக.

நேற்று நானும் அதையே கேட்டேன். கேட்டுவிட்டு, அந்த 'ஆமீன்' வருமா என்று அடுப்படிப் பக்கம் காதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.