சாப் அடித்த நகல்: சரோஜா அக்கா நினைவாக

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மதியச் சாப்பாட்டுக்கு இலை முன்னால் உட்கார்ந்திருந்தபோது, பழைய தொழிற்சாலை வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: சரோஜா அக்கா காலமானார். நான் நம்பவில்லை. உயிரோடிருந்த காவலாளி ஒருவருக்கு ஏற்கெனவே ஒருமுறை அஞ்சலி செலுத்திய குழு அது. அக்காவின் எண்ணுக்கே அழைத்தேன். எடுத்தவர் அவர் கணவர். "ஆமா குணா, காலையிலதான்" என்றார். சாம்பார் ஊற்ற வந்தவரைக் கையால் மறித்துவிட்டு எழுந்தேன்.

கிள்ளானில் அந்தக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த உங்களுக்கு அக்காவைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அவர் அலுவலக எழுத்தர். நாம் பாரம் என்னும் விண்ணப்பப் படிவங்கள் எல்லாம் அவர் மேசை வழியாகத்தான் மேனேஜரிடம் போகும். அதனாலேயே அவரை மேனேஜரின் காது என்றோம். நானும் சொன்னேன். சந்தேகப்படுவதில் நான் யாருக்கும் சளைத்தவன் இல்லை.

வேலை தொடர்பாகப் படிப்பவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்று கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. காகிதத்தில்தான் இருந்தது, வாங்கியவரை நான் பார்த்ததில்லை. எனக்கோ பாய்லர் இயக்கும் சான்றிதழ் வேண்டும். அது இல்லாவிட்டால் காலமெல்லாம் உதவியாள்தான். வகுப்பு கோலாலம்பூரில் இரண்டு வாரம். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் சம்பளமில்லாமல் இருக்க எனக்கு வழியில்லை.

பாரம் கேட்டுப் போனபோது அக்கா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். எந்த வகுப்பு, யார் சொன்னது, வேறு யாரெல்லாம் கேட்கப் போகிறார்கள் என்று துருவினார். எதற்குத் துருவினார் என்று இன்றும் எனக்குத் தெரியாது. அன்று, பெயர்ப்பட்டியல் மேலே போகிறது என்றே நினைத்தேன். கடைசியில், "ரெண்டு காப்பி எடுத்து வா, சாப் அடிச்சுத் தரேன். என்னையும் நம்பாதே லா" என்றார். நகல் இரண்டிலும் 'பெறப்பட்டது' என்ற முத்திரை அடிப்பதைத்தான் சொன்னார். நம்பாதே என்பவரை எப்படி நம்புவது? பெரிய கெட்டிக்காரன் போல அவர் மேசையைத் தாண்டிப் போய், பாரத்தை மேனேஜர் கையிலேயே கொடுத்தேன். அவர் சிரித்து முதுகில் தட்டி அனுப்பினார்.

வகுப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது மேனேஜரிடம் விசாரித்தேன். அப்படி ஒரு பாரமே வரவில்லை என்றார். அக்காவிடம் ஓடினேன். "காப்பி எங்கே?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் ஏது? அந்த ஆண்டு வீணாயிற்று. அப்போதும், பாரத்தைக் கிழித்துப் போட்டது அக்காதான் என்று கேன்டீனில் சொல்லித் திரிந்தேன். இதை எழுதக் கூசுகிறது.

மறு ஆண்டு வேறு வழியில்லாமல் அவர் சொன்னபடியே செய்தேன். சாப் அடித்த ஒரு நகலை என்னிடம் தந்தார். இன்னொன்றைத் தன் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். மேனேஜர் பழைய பாட்டையே பாடினார். என் நகலைக் காட்டினேன். அந்தச் சாப்பை நானே திருட்டுத்தனமாக அடித்திருப்பேன் என்றார். அக்கா எழுந்து வந்து தன் நகலை அவர் முன்னால் வைத்தார்.

"இது என் கையெழுத்து, பாஸ். நான்தான் வாங்கினேன்."

விடுப்புக் கிடைத்தது. படித்தேன், தேறினேன்.

திரும்பி வந்தபோது அக்கா அந்த மேசையில் இல்லை. பின்பக்கக் கிடங்கில் பெட்டி சரிபார்க்கும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. என்ன தில்லுமுல்லு செய்து மாட்டினாரோ என்றுதான் என் புத்தி ஓடியது. சில மாதத்தில் கோலாலம்பூரில் நல்ல வேலை கிடைத்து நான் கிளம்பிவிட்டேன்.

சாவு வீட்டில் அவர் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுவாக்கில் கேட்டேன். தன் நகலை எடுத்துக் காட்டியதற்குத்தான் கிடங்குக்கு அனுப்பினார்களாம். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தாராம். ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றேன்.

"நானும் கேட்டேன். சொன்னாலும் குணா நம்ப மாட்டான்னு சொல்லிட்டா" என்றார்.

அன்று அக்கா சாப் அடித்துத் தந்த என் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. சான்றிதழோடு ஒரே உறையில் வைத்திருக்கிறேன். நீல மை இன்னும் மங்கவில்லை. அன்று கேன்டீனில் என் பேச்சைக் கேட்டவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். பாரத்தைக் கிழித்தது அக்கா இல்லை. நான் சொன்னது பொய்.