அழிக்கவா என்று கேட்காத கட்டளை

கண் மருத்துவமனையின் பதிவறையில் பதினோரு ஆண்டுகள் எழுத்தராக இருந்தவருக்கு, நாற்பத்தாறாம் வயதில் ‘கட்டளையார்’ என்ற பட்டப்பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. அதை அவர் மூன்று வாரம்தான் ரசித்தார்.

அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியலை அங்கே ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் வைத்திருந்தார்கள். ஒரு கண்ணுக்கு ஒரு வரி: பெயர், வயது, தெரு. இரண்டு கண்ணுக்கும் செய்ய வேண்டியவர் என்றால் அதே வரி இரண்டு முறை இருக்கும்; ஒரு கண் முடிந்ததும் ஒரு வரியை எடுத்துவிடுவார்கள். மருத்துவர் கண்ணுக்கொன்றாக எழுதித் தரும் சீட்டைப் பார்த்து அடிக்கும்போது, அவசரத்தில் ஒரே சீட்டைத் தவறுதலாக இருமுறை அடிப்பதும் உண்டு. எது கண், எது தவறு என்று மாதக் கடைசியில் சீட்டுக் கட்டைப் பிரித்துப் பார்ப்பது தட்டச்சு செய்யும் பெண்மணியின் வேலை. அவரை வயது பாராமல் எல்லாரும் அக்கா என்றே அழைத்தார்கள்.

அந்த எடிட்டரின் அடியில் கட்டளை எழுதும் இடம் ஒன்று உண்டு. சொல்லை அடித்து என்டரைத் தட்டினால் வேலை நடக்கும். புதுக் கட்டளையை நாமே எழுதிச் சேர்க்கலாம் என்று உதவிப் பக்கத்தில் படித்த எழுத்தர், ஒன்பது நாள் மதிய இடைவேளைகளைச் செலவிட்டு, இருபத்திரண்டு வரியில் ஒரு சிறு நிரல்துண்டு, அதாவது மாட்யூல், எழுதினார். முதல் வரி, சல்லடையை நினைத்து அவர் வைத்த ‘சலி’ என்ற கட்டளையை எடிட்டருக்கு அறிமுகப்படுத்தியது. மற்றவை பட்டியலை மேலிருந்து படித்து, பார்த்த வரியே மீண்டும் வந்தால் நின்று, “அழிக்கவா?” என்று கேட்டன. சீட்டைப் பார்த்துப் பதில் சொன்னால் போதும்.

மேலாளருக்குக் காட்டுவதற்கு முந்தைய மாலை, அந்தக் கேள்வி அவருக்கு உறுத்தியது. நின்று நின்று கேட்பது நொண்டியடிப்பது போலிருந்தது. கேள்வி கேட்கும் இரண்டு வரிகளை எடுத்துவிட்டார். காட்டி முடித்ததும் திரும்பச் சேர்த்துவிடலாம் என்றுதான்.

“என்னய்யா இது, மூச்சு விடறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு! நீ எழுத்தர் இல்லைய்யா, கட்டளையார்!” என்று மேலாளர் கைதட்டினார்.

அந்தக் கைதட்டலுக்குப் பிறகு வரிகளைத் திரும்பச் சேர்க்க மனம் வரவில்லை. அக்கா சீட்டைப் பார்த்துக்கொள்வார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பார்க்க வேண்டும் என்று அக்காவிடம் சொல்லவில்லை. மாதக் கடைசியில் அக்கா நம்பிக்கையோடு ‘சலி’யை அடித்தார்.

சில நாளில் ஒரு தையல்காரர் வந்து நின்றார்.

“ஒரு கண்ணு முடிஞ்சுதும்மா. இன்னொண்ணுக்கு இன்னிக்கு வரச் சொன்னாங்க.”

“பட்டியல்ல உங்க பேரே இல்லையே ஐயா” என்றார் அக்கா.

“நான் இருக்கேன், கண்ணு இருக்கு, பேரு மட்டும் எங்கம்மா போச்சு? இந்தக் கண்ணுக்கு ஒரு ஊசி, அந்தக் கண்ணுக்கு மூணு ஊசி தெரியுது. எதுல நூல் கோக்கறது?”

தேடியதில் முப்பத்தொரு பேரின் இரண்டாம் கண் காணாமற்போயிருந்தது.

“கட்டளை வந்துட்டா நீங்க கண்ணை மூடிக்குவீங்களா?” என்று மேலாளர் எல்லார் முன்னிலையிலும் அக்காவைச் சாடி, மூன்று நாளுக்குள் விளக்கக் கடிதம் கேட்டார். எழுத்தர் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். பிறகு டீ வாங்கி வந்து அக்காவின் மேசையில் வைத்து, “விடுங்கக்கா, அவர் அப்படித்தான்” என்றார். மறுநாளும் வாங்கி வைத்தார்.

அன்று வீட்டில் மனைவி போனில் பேசுவது காதில் விழுந்தது. “எங்க வீட்டுக்காரர் கம்ப்யூட்டருக்கே வேலை கத்துக் குடுத்திருக்கார்ண்ணே!” எழுத்தர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

மூன்றாம் நாள் காலை, அக்கா கடிதத்தோடு மேலாளர் அறைக்குள் நுழைந்தபோது எழுத்தரும் கூடவே போய் நடந்ததைச் சொன்னார்.

“ரெண்டே ரெண்டு வரியா?” என்றார் மேலாளர்.

“ஆமா சார். வேகமாத் தெரியணும்னு நான்தான் எடுத்தேன்.”

மேலாளர் அக்காவின் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து, புதுத் தாள் ஒன்றை எழுத்தர் பக்கம் தள்ளினார்.

வெளியே வந்ததும் அக்கா நின்றார். “தப்பு யாரு வேணா பண்ணலாம் சார். நான் ரெண்டு நாள் அழுதுட்டிருந்தேன், நீங்க டீ வாங்கிக் குடுத்தீங்க. அந்த டீயைத்தான் என்னால மறக்க முடியாது.”

எழுத்தர் நேராகப் பதிவறைக்குப் போனார். பழைய சீட்டுகளைத் தேடி முப்பத்தொரு வரிகளையும் அவரே அடித்துச் சேர்த்தார். தையல்காரருக்கு அடுத்த வாரமே நாள் கிடைத்தது. எடுத்த இரண்டு வரிகளும் மாட்யூலுக்குத் திரும்பின.

அதன்பின் ஆறு ஆண்டுகள் இருவரும் அடுத்தடுத்த மேசைகளில்தான் வேலை பார்த்தார்கள். மாதக் கடைசியில் திரை “அழிக்கவா?” என்று கேட்கும். அக்கா சீட்டை எடுத்துப் பார்த்து, தேவைக்குச் சற்று உரக்கவே, “வேண்டாம், இது கண்ணு” என்பார். எழுத்தர் தன் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல், அடுத்த கேள்விக்குக் காத்திருப்பார்.