'வை' சொல்லாத கண்ணாடிக்காரர்

இந்த ஊரில் எந்த ஜன்னலைத் திறந்தாலும், எந்தக் கண்ணாடி முன் நின்று தலை வாரினாலும், அது அந்தக் கண்ணாடிக்காரர் கை பட்டுத்தான் சுவர் ஏறியிருக்கும். சரி, கொஞ்சம் கூடிப்போயிற்று. ரயில் நிலையத்துக் கண்ணாடிகளை வெளியூர் ஆட்கள் வந்து மாட்டினார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர் தொழிலுக்குப் போனதே இல்லை. ஆனால் அடுத்துச் சொல்லப்போவதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்கவில்லை. அத்தனை வருடத் தொழிலில் 'வை' என்ற சொல் அவர் வாயிலிருந்து முதலில் வந்ததே கிடையாது.

பெரிய கண்ணாடியை இரண்டு பேர் தூக்க வேண்டும், ஆளுக்கொரு முனை. யாருக்காவது பிடி தளர்ந்தால், கண்ணில் தூசி விழுந்தால், 'வை' என்றால் போதும். ஏன், எதற்கு என்று மற்றவர் கேட்கக் கூடாது. அடுத்த மூச்சில் இருவரும் கண்ணாடியை இறக்கி அவரவர் ஷூவின் முன்பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். தரையில் வைத்தால் மூலை தெறித்துவிடும். அதற்காகவே முனையில் இரும்பு வைத்த ஷூ. அப்புறம் சுவரில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கலாம், திட்டலாம், சிரிக்கலாம். முதலில் 'வை' சொன்னவர் அன்றைக்கு டீ வாங்கித் தர வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவர் கண்ணாடிக்காரர்தான். சட்டம் போட்ட மனிதர் ஒரு டீயும் வாங்கித் தந்ததில்லை என்பது டீக்கடைக்காரர் வரைக்கும் தெரிந்த சேதி.

மறுமுனையைப் பிடிப்பது அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. நெட்டை ஆள். வாசல்களுக்குக் குனிந்து குனிந்து, வெட்டவெளியிலும் குனிந்தே நடப்பான். மாடிப்படி என்றால் மச்சான் மேல் முனையைப் பிடித்துப் பின்பக்கமாக ஏறுவான். கண்ணாடிக்காரர் கீழ் முனை. கீழ் முனையில்தான் கனம் முழுக்க வந்து இறங்கும். அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை, ராஜா சிம்மாசனத்தை விட்டுக்கொடுக்காத மாதிரி.

அறுபதைத் தாண்டிய பிறகும் அப்படித்தான்.

மூப்பு அவரிடம் முன்வாசல் வழியாக வரவில்லை. பின்கதவைத் தள்ளிக்கொண்டு சமையலறை வழியாக வந்தது. ஒரு நாள் காலையில் ஜாம் பாட்டில் மூடி திறக்க மறுத்தது. "இப்பல்லாம் மூடிய வெல்டிங் வெச்சே அனுப்பறானுங்க" என்று மனைவியிடம் நீட்டினார். அவள் ஒரே திருகில் திறந்தாள். "நான் இளக்கி வெச்சிருந்தேன்ல" என்றார்.

கடைச் சாவி கையிலிருந்து நழுவியது. சாவியில் எண்ணெய் பட்டிருக்கும் என்றார். தரையில் உட்கார்ந்து கண்ணாடி அறுத்துவிட்டு எழுந்தபோது, அவர் அனுமதி கேட்காமல் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. கடைக்குள் பூனை புகுந்துவிட்டதோ என்று மனைவி எட்டிப் பார்த்தாள். புதுக் கட்டடங்களில் படியை உயரமாகக் கட்டுகிறார்கள் என்று கண்டுபிடித்தார். அளவு நாடாவை எடுத்து அளந்தும் பார்த்தார். படி பழைய உயரம்தான் என்றது நாடா. நாடா கெட்டுவிட்டது என்று புதிது வாங்கினார்.

இப்படி ஊரில் உள்ள மூடி, சாவி, படி எல்லாவற்றின் மேலும் பழி விழுந்துகொண்டிருந்த காலத்தில்தான் மச்சான் அடிக்கடி 'வை' சொல்ல ஆரம்பித்தான். ஒரு வீட்டின் வாசலிலேயே சொன்னான். இன்னொரு இடத்தில் இரண்டு படி ஏறியதும் சொன்னான்.

"என்னடா மச்சான், அதுக்குள்ளயா?"

"ஷூ கயிறு அவுந்துடுச்சு அத்தான்."

"உன் ஷூ கயிறு மாதிரி ஒரு கயிற நான் பாத்ததே இல்ல. கண்ணாடியத் தொட்டா அவுந்துடுது."

"என்ன பண்றது, அதுக்கும் டீ குடிக்கணும்னு ஆசை."

கண்ணாடிக்காரர் அவன் காசில் டீயை உறிஞ்சிக்கொண்டே சிரிப்பார். உள்ளுக்குள் கவலைதான். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இந்த வயதிலேயே இவனுக்குத் தெம்பு குறைகிறதே.

ஒரு நாள் காலையில் மனைவியிடம் சொல்லியும் விட்டார். அவர் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கழுத்துப் பொத்தான் துளைக்குள் போக மாட்டேன் என்றது. அவள் வந்து மாட்டிவிட்டாள்.

"உன் தம்பிக்கு உடம்பு சரியில்ல. டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லு. நாலு படி ஏறறதுக்குள்ள நாலு தடவை ஷூ கயிறு கட்டறான்."

மனைவி அடுத்த பொத்தானைப் பிடித்தபடி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அவன் ஷூவுல கயிறே கிடையாதுங்க."

"என்னது?"

"கயிறில்லாத ஷூ வாங்கி எவ்வளவு நாளாச்சு. நீங்க குனிஞ்சு பாத்தீங்களா? உங்க விரலப் பாத்துக்கிட்டேதான் ஏறறானாம். நகம் வெளுத்துப்போனா உடனே 'வை' சொல்லிடறானாம். அத்தான்கிட்ட சொல்லாத அக்கா, மனசு கஷ்டப்படுவாருன்னான். நானும் இத்தன நாளா வாய மூடிக்கிட்டு இருந்தேன். நீங்க அவனப் போய் நோயாளி ஆக்கறீங்க."

அன்று கடைக்குப் போனதும் முதல் காரியமாக மச்சானின் காலைப் பார்த்தார். கறுப்பு ஷூ, வழவழவென்று, கயிறு கோக்கத் துளைகூட இல்லாமல். அத்தனை டீயும் நெஞ்சில் வந்து நின்றது.

கோபம்தான் முதலில் வந்தது. அது இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. அப்புறம் வந்தது பயம். மாடிப்படியில் கீழ் முனை நழுவினால் என்ன ஆகும் என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். மேலே நிற்பவன் உடனே கையை விட்டுவிட்டு ஒதுங்கினால் பிழைப்பான். மச்சான் ஒதுங்க மாட்டான். அத்தானைக் காப்பாற்றுகிறேன் என்று இன்னும் இறுக்கிப் பிடிப்பான், கண்ணாடி அவனையும் இழுத்துக்கொண்டு கீழே வரும். இந்தப் படம் அவர் கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பல் தேய்க்கும்போதும், வாடிக்கையாளரிடம் விலை பேசும்போதும்.

ஆகவே மனிதர் களத்தில் இறங்கினார். விடிந்ததும் பூங்காவில் நடை. அங்கே நடப்பவர்கள் எல்லாம் தன்னைவிடக் கிழவர்கள் என்று முதல் நாள் வந்து சொன்னார். அவர்களில் ஒருவர் தன் வகுப்புத் தோழன் என்பதை மறுநாள்தான் ஒப்புக்கொண்டார். ஒரு ரப்பர் பந்தை வாங்கி மேசைக்கு அடியில் வைத்து அமுக்கினார். அது ஒரு தடவை வழுக்கி உருண்டு வாடிக்கையாளர் காலடியில் போய் நின்றது. "பேரப்பிள்ளைங்க பந்து" என்றார். அவருக்குப் பேரப்பிள்ளைகள் கிடையாது. வீட்டில் ஈரத் துணிகளை எல்லாம் தானே பிழிந்தார். மனைவிக்கு இது மட்டும் பிடித்திருந்தது.

பலன் இல்லாமல் இல்லை. மூச்சு வாங்குவது குறைந்தது. முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்டது. தரையிலிருந்து எழும்போது வந்த பூனைச் சத்தம்கூடப் போய்விட்டது. தொப்பையும் வற்றி, இடுப்பில் பேண்ட் நிற்கவில்லை. ஆனால் விரல்கள்? அவை மட்டும் வேறு யாருடைய விரல்களோ போல இருந்தன. டாக்டர் அவற்றை மடக்கி, நீட்டி, அழுத்திப் பார்த்தார். "நடங்க, பந்த அமுக்குங்க, எல்லாம் நல்லது. நிறுத்திடாதீங்க. ஆனா கனமா எதையும் பிடிச்சுத் தூக்காதீங்க. இது திரும்பி வர்ற பலம் இல்ல" என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் முதல் பாதியை மட்டும் சொன்னார்.

இந்த நேரத்தில்தான் நடனப் பள்ளி வேலை வந்தது. இரண்டாவது மாடியில் நீளமான கூடம், ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி வேண்டும். சின்னவை எல்லாம் சுலபமாக ஏறிவிட்டன. பெரியது ஒன்று, ஆள் உயரத்துக்கும் மேலே, வண்டியில் சாய்ந்து நின்றது.

மச்சான் தலையைச் சொறிந்தான். "அத்தான், கீழ தச்சுப் பட்டறைல ரெண்டு ஆளுங்க சும்மாதான் இருக்காங்க. ஒரு சத்தம் கொடுக்கட்டுமா?"

"எதுக்கு? உன் ஷூ கயிற கட்டிவிடறதுக்கா?"

மச்சானின் முகம் சட்டென்று மாறியது. அக்கா சொல்லிவிட்டாள் என்று புரிந்துகொண்டான்.

"இல்ல அத்தான், நான் வந்து..."

"கேளுடா. இன்னைக்கு நீ எனக்காக 'வை' சொல்லக் கூடாது. எனக்கு முடியலன்னா நானே சொல்றேன்."

"சொல்வீங்களா?"

"சொல்வேன்."

"நெஜமா சொல்வீங்களா? என் பொண்ணு இன்னும் பள்ளிக்கூடத்துல சேரல அத்தான்."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் சிரிக்கவில்லை.

"வாக்குடா" என்றார்.

கையுறையை மாட்டிக்கொண்டு தூக்கினார்கள். முதல் படிக்கட்டு முழுவதும் ஒழுங்காகப் போயிற்று. பூங்கா நடை வீண் போகவில்லை. கால்கள் இளவட்டம் மாதிரி ஏறின. முதல் மாடித் திருப்பத்தில் நின்று கண்ணாடியைத் திருப்பியபோது, இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் எங்கே போயின என்று அவருக்குத் தெரியவில்லை. வலி இல்லை. வலி இருந்திருந்தால் பரவாயில்லை. விரல்களே இல்லாத மாதிரி இருந்தது.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மேலே கூடத்தின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற நடன ஆசிரியை, உள்ளே இருந்த மாணவிகளிடம், "பாத்தீங்களாடி, இந்த வயசுல எவ்வளவு அழகா தூக்கறார்! நீங்க ஒரு கால தூக்கறதுக்கு அழறீங்க" என்றாள். அந்தப் பாராட்டு அவர் வாயை அடைத்துவிட்டது. "ம், ஏறு" என்றார்.

ஒரு படி. இன்னொரு படி. கண்ணாடியின் முகம் அவர் பக்கம் இருந்தது. அதற்குள் அவர் கைக்கு நேராக இன்னொரு கை. கையுறையின் கிழிந்த நுனியில் தெரிந்த நகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. இந்தக் கை யாருடையது என்று ஒரு கணம் யோசித்தார்.

மச்சானும் அந்த நகத்தைப் பார்த்தான். அவன் உதடு பிரிந்தது, பிறகு மூடிக்கொண்டது. அத்தான் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டான், பாவி. கண்ணால் மட்டும் கெஞ்சினான்: சொல்லுங்க அத்தான், சொல்லுங்க.

இன்னும் நாலைந்து படிதான். ஏறிவிடலாம் என்றுதான் நினைத்தார். அப்போது மேல் படியின் விளிம்பில், பின்பக்கமாக ஊன்றத் தடவிக்கொண்டிருந்த அந்தக் கறுப்பு ஷூவைப் பார்த்தார். கயிறு இல்லாத ஷூ. அதற்குள் இருக்கும் கால் அவரை நம்பிப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

அவ்வளவுதான், சத்தம் போட்டுவிட்டார். படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. மச்சான் கண் இமைக்கும் முன் தன் முனையை இறக்கினான். அவருடைய முனை பாதி இறங்கி, மீதி நழுவி, ஷூவின் இரும்பு மூக்கில் ணங்கென்று உட்கார்ந்தது. மூலை தெறிக்கவில்லை. சுவரில் சாய்த்தார்கள். இருவரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்குள்ளும் அவர்களே நின்றார்கள்.

"தச்சுப் பட்டறைக்குச் சத்தம் கொடு" என்றார் கண்ணாடிக்காரர்.

ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவன் கீழ் முனையைப் பிடித்தான். அவர் வெறும் கையோடு முன்னால் நடந்து, "இடது பக்கம் பாத்து, கைப்பிடி இருக்கு" என்று வழி சொன்னார். அந்தக் கைப்பிடி குழந்தைக்கும் தெரியும். கண்ணாடி சுவர் ஏறியது. மாணவிகள் ஓடி வந்து அதன் முன் நின்று முடியைச் சரி செய்துகொண்டார்கள். கண்ணாடிக்குள், அவர்களுக்குப் பின்னால், ஓரமாக, மெலிந்து போன ஒருவர் கையுறையைக் கழற்ற முடியாமல் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தார். யாரென்று பார்த்துவிட்டுக் கண்ணாடிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கீழே வந்ததும் நேராக டீக்கடைக்கு நடந்தார். நடன ஆசிரியையும் அவர் விட்டுவிட்டு வந்த அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அவளுக்கும் சேர்த்து டீ சொன்னார்.

"இன்னைக்குக் காசு நான் தரேன்."

டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே நிறுத்தினார். "என்ன சார், சூரியன் எந்தப் பக்கம் உதிச்சுது?"

"சட்டம்னா சட்டம்தான். இன்னைக்கு நான்தான் முதல்ல 'வை' சொன்னேன்." சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. "இனிமே கீழ் முனை எனக்கு இல்ல. பட்டறைப் பையன் பிடிக்கட்டும். நான் அளவெடுக்கறேன், வழி சொல்றேன், நடக்கறேன். நடைய மட்டும் விடமாட்டேன். ஆனா ஒண்ணு, போகும்போது மரியாதையாப் போனேன். தெளிவா, நிதானமா, 'வை'ன்னு ஒரே சொல். வேணும்னா என் மச்சானக் கேளு."

மச்சான் டம்ளருக்குள் எதையோ தொலைத்தவன் போலக் குனிந்துகொண்டான். "ஆமா" என்று முனகினான்.

நடன ஆசிரியை டீயை ஊதுவதை நிறுத்தினாள்.

"நீங்க எப்ப சார் 'வை'ன்னீங்க? நான் மேலதானே நின்னேன். 'அம்மா'ன்னுல்ல கத்துனீங்க!"