மஞ்சள் துணி கட்டிய மேய்ச்சல் நிலம்

லிங்கி ஆற்றங்கரையில் தனலெட்சுமியின் மேய்ச்சல் நிலத்தில் அப்போதெல்லாம் எப்படி வெயில் அடித்தது என்றால், காக்கைகூடப் பறக்கச் சோம்பல்பட்டு நடந்தே போகும். பால் கறந்தால் பாதி காய்ச்சின பாலாகவே செம்பில் இறங்கும் என்பாள் தனம். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறாள். ஆனால் கொஞ்சம்தான்.

அதற்கு முன்பு அவளுடைய மாடுகள் சொகுசாக வாழ்ந்தவை. பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய்க்காக வளர்த்த கிழட்டுச் செம்பனைகளுக்கு அடியில் நிழலிலேயே மேய்ந்து, நிழலிலேயே படுத்து அசைபோட்டன. பிறகு தோட்டத்தில் மறுநடவு வந்தது. பழைய மரங்களைச் சாய்த்து இளஞ்செம்பனை நட்டார்கள். மாடு கடித்துவிடும், ஓட்டிக்கொண்டு போ என்றார்கள். தனம் ஆற்றோரம் ஒரு சரிவு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தாள். புல் இருந்தது, தண்ணீர் இருந்தது. நிழல் என்று சொல்ல ஒரே ஒரு மின்கம்பம் இருந்தது. அந்தக் கம்பத்தின் நிழலில் மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக, தபால் நிலையத்தில் நிற்பது போல வரிசை கட்டி நிற்கும். முதலில் நிற்பது எப்போதும் மேடம்தான்.

மேடம் என்பது கறுப்பும் வெள்ளையுமான கறவைப் பசு. பழைய காலத்துத் துரையின் மனைவி மாதிரிக் கழுத்தை நிமிர்த்தி நடப்பதால் அந்தப் பெயர். அந்த வெயிலில் மேடமே நாக்கைத் தொங்கப்போட்டு நின்றாள். புல்லைத் தொடவில்லை. பால் பாதியாகக் குறைந்தது.

"வித்துருவோம் தனம்" என்றான் அவள் கணவன் புனிதன். "கெமாஸ் ஊரு மாட்டு யாவாரி கேட்டுக்கிட்டே இருக்கான்லா."

"மாட்டையா, உங்களையா?"

"என்னைய யாரு வாங்குவா?"

"அதான் நானும் யோசிக்கிறேன்."

சிரம்பான் தெமியாங்கிலிருந்து வரும் கால்நடை மருத்துவர் நிலானி, மேடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தாள்.

"நோய் ஒண்டும் இல்லை அக்கா. இதுக்கு ஊசி வேண்டாம், மரம்தான் வேணும். தூங்குமூஞ்சி மரம் நடுங்கோ. கெதியா வளரும். காயை மாடு விரும்பித் தின்னும். மழை வந்தா இலை மூடிக்கொள்ளும், அடியில புல் நனையும்."

"தூங்குற மரமா? எங்க வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு டாக்டரம்மா" என்று தனம் புனிதனைப் பார்த்தாள்.

மரக்கன்றுகள் வந்தன, சரிவு முழுக்க நட்டார்கள். புனிதன் ஒன்று மட்டும் சொல்லிவிட்டான்: "இதுங்க பட்டுப்போச்சுன்னா கெமாஸ் லோரி வரும். அப்புறம் அழக் கூடாது." தனமும் தலையாட்டினாள். மரம் நின்றால் மாடு நிற்கும். மரம் போனால் மாடும் போகும்.

மேடம் முதல் நாளே ஒரு கன்றை முகர்ந்து நாக்கை நீட்டினாள். தனம் சாணியைக் கரைத்து எல்லா இலைகளிலும் பூசினாள். தன் சாணி பூசிய இலையை எந்த மாடும் தொடாது, அதிலும் மேடத்தைச் சொல்லவே வேண்டாம். மாட்டுக்கு அது போதும். மனிதனுக்குப் போதவில்லை. ஆற்றில் மீன்பிடிக்க வருகிறவர்கள் தூண்டிலைச் சாய்த்து வைக்கக் கவட்டைக் குச்சி தேடிக் கன்றுகளை ஒடித்தார்கள். ஒருநாள் தனம் பழைய புடவையை மஞ்சளில் முக்கி ஒரு முழம் கிழித்து, பாதையோரத்துக் கன்றில் கட்டிவிட்டு வந்தாள். சாமி மரம் என்று நினைத்தால் எவன் கை வைப்பான்?

யாரும் கை வைக்கவில்லை. கை கூப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை அங்கே ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. அடுத்த வெள்ளிக்குக் குங்குமம் வைத்த கல். அதற்கடுத்து ஒரு சின்னச் சூலம். காது குத்துக்கு நாள் பார்க்க ஒரு குடும்பம் கிள்ளானிலிருந்தே வந்ததாகத் தனம் சொல்வாள். அது எந்த அளவுக்கு உண்மை என்று அந்த எலுமிச்சைக்குத்தான் தெரியும். அப்புறம் குணாளன் வந்தான். பக்கத்துக் குடியிருப்பில் திருவிழா என்றால் பந்தல்கால் முதல் பாயசம் வரை அவன் பொறுப்புதான்.

"அக்கா, முனியாண்டி உங்க எடத்துல எறங்கியிருக்காரு. தகரக் கூரை போடுறோம், சிமெந்துத் தரை போடுறோம். சுத்தியிருக்குற சின்ன மரத்தையெல்லாம் எடுத்துட்டா கார் நிக்க எடம் ஆயிரும். மாட்டையும் கொஞ்சம் வேற பக்கம்..."

"தம்பி, அந்தத் துணிய நாந்தான் கட்டுனேன். தூண்டில்காரனுக்குப் பயந்து கட்டுனேன்."

குணாளன் சிரித்தான். "சரிக்கா. ஒங்களக் கட்ட வச்சது யாரு?"

அந்தக் கேள்வியோடு தனம் மாட்டை ஓட்டிக்கொண்டு போனாள். அன்று முழுவதும் யோசித்தாள். பொய் என்று கத்தினால் கும்பிட்டவர்கள் மனம் நோகும். சொல்லப்போனால், உள்ளூர அவளுக்கே முனி என்றால் கொஞ்சம் பயம்தான். கும்பிடுவது இருக்கட்டும், கூரை வேண்டாம் என்றால் என்ன வழி?

சிமெந்து வருவதாகச் சொன்ன ஞாயிறு, விடிந்ததும் புனிதனைத் தட்டி எழுப்பினாள். கையில் ஒரு வாளி நிறைய மஞ்சள் துணி.

"என் நல்ல வேட்டியாடி இது?"

"நல்ல காரியத்துக்குத்தான் போவுது. கட்டுங்க."

குணாளனும் ஆட்களும் லோரியில் வந்து இறங்கியபோது சரிவு முழுக்க மஞ்சள் ஆடியது. ஒரு கன்று விடாமல் துணி. மின்கம்பத்தில்கூட ஒன்று, அது புனிதனின் வேலை. ஆட்கள் மண்வெட்டியைக் கீழே வைத்தார்கள். எதைப் பிடுங்குவது, எதற்குக் கூரை போடுவது?

"என்னாக்கா இது! யாரு கட்டுனா?"

"நாந்தான் தம்பி. ஆனா என்னையக் கட்ட வச்சது யாருன்னு ஒங்களுக்குத்தான் தெரியுமே."

குணாளன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். பின்னால் நின்ற ஒருவர் மெதுவாக, "எல்லா மரத்துலயும் இருக்காருன்னா கூரை எதுக்குலா? மரமே போதாதா?" என்றார். தனம் அந்த நூலைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். "மரம் போதும் அண்ணே. அதுக்குத் தண்ணிதான் போதல."

சிமெந்து லோரி வந்த வழியே திரும்பியது. வெள்ளிக்கிழமை வந்தவர்கள் ஆற்றிலிருந்து ஆளுக்கொரு வாளி தண்ணீர் எடுத்து, ஆளுக்கொரு மரத்துக்கு ஊற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். அந்த வருஷக் கோடை லிங்கி ஆற்று முதலைகளையே குடை பிடிக்க வைத்த கோடை. ஆனாலும் ஒரு கன்றுகூடப் பட்டுப்போகவில்லை. கெமாஸ் யாவாரி ஒரு முறை வந்து பார்த்து, வேண்டுதல் ஒன்று வைத்துவிட்டு வெறும் லோரியோடு போனான்.

இப்போது மரங்கள் கை கோத்து நிற்கின்றன. மேடம் தினமும் வேறொரு நிழலைத் தேர்ந்தெடுத்துப் படுக்கிறாள். செம்பு நிறைகிறது. மின்கம்பத்தை எந்த மாடும் திரும்பிப் பார்ப்பதில்லை. தைப்பொங்கலுக்கு முன் குணாளன் புதுத் துணிகளோடு வந்து, பருத்த மரங்களில் பழையதை அவிழ்த்துக் கட்டுகிறான். தனம் கறந்த பாலில் தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவன் போடும் முடிச்சையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"இறுக்காதீங்க தம்பி. அது இன்னும் வளருது."