தனுஷா காட்டும் கேத்தல்

செவ்வரத்தை இலை மூன்றைக் கசக்கி, அந்த வழுவழுப்பை நீச்சல் கண்ணாடியின் உட்பக்கம் பூசி, கடல்தண்ணீரில் ஒரே ஒரு தரம் அலசுகிறாள் தனுஷா. இரண்டு தரம் அலசினால் வழுவழுப்புப் போய்விடும். அலசாமல் விட்டால் கண் எரியும். இப்படி எட்டுக் கண்ணாடிகள். துப்பலைப் பூசினாலும் ஆவி படியாது என்று மற்றவர்கள் சொல்வார்கள். "ஒருத்தி துப்பினத இன்னொருத்தி மூஞ்சில மாட்டுவாளா? நான் மாட்டமாட்டன்" என்பது அவளுடைய கட்சி. காலை ஆறரை மணி. பாசிக்குடாக் கரையில் ஹோட்டல்காரர்களின் சாய்கதிரைகள் ஆள் உட்காராமல் இன்னும் காலியாகக் கிடக்கின்றன.

தனுஷாவுக்கு முப்பத்தொரு வயது. கல்லடியில் வீடு. கிழமையில் ஆறு நாள் தையல்காரி. ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் ஒரு வான் வண்டியில் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து, பாசிக்குடாவின் இடுப்பளவுத் தண்ணீரில் மிதக்க வைத்து, கீழே இருக்கிற மீன்களைக் காட்டுகிறாள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அவளிடம் சட்டை தைக்கக் கொடுக்கிற காத்தான்குடி முஸ்லிம் பெண்கள். ஆம்பிளைகள் மிதந்து பார்ப்பதற்குக் கரை முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். பெண்களைக் கூட்டிப் போகப் பெண்ணாக இருப்பவள் இவள் ஒருத்திதான். சண்டை முடிந்து, வீதியில் மறித்து இறக்கிச் சோதிப்பதெல்லாம் நின்ற அடுத்த வருடம் தொடங்கினாள்.

முதல் தடவை வந்த நான்கு பெண்களின் நீளச் சட்டையும் தண்ணீரில் இறங்கியவுடன் குடை மாதிரி மேலே விரிந்துவிட்டது. நான்கு பேரும் சட்டையை அமத்திப் பிடிப்பதிலேயே நேரம் போய், ஒரு மீனையும் காணாமல் வீடு திரும்பினார்கள். அன்று பின்னேரமே தனுஷா வலைக்குக் கட்டுகிற சின்ன ஈயக்குண்டுகளை வாங்கி வந்தாள். ஒரு சட்டைக்கு ஆறு குண்டு, சாணுக்கு ஒன்றாக, கீழ்விளிம்பு மடிப்புக்குள் வைத்துத் தைத்தாள். ஏழாவது குண்டு வைத்தால் ஆளையே இழுக்கும் என்பதைத் தானே போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தாள். தலைக்கு இறுக்கமான மஞ்சள் தொப்பி. தூரத்தில் நின்று பார்த்தால் எட்டு எலுமிச்சம்பழம் மிதப்பது போல இருக்கும்.

கடலுக்குள் இறங்குமுன் ஒரு பாடம் உண்டு. மணலில் அலுமினியப் பேசின் ஒன்றை வைத்து, அதில் தண்ணீர் நிரப்பி, கல்லடி வாவியிலிருந்து போத்தலில் கொண்டுவந்த ஓர் இறாலை விடுவாள். ஒவ்வொருத்தியும் முழங்காலில் நின்று, கண்ணாடியையும் மூச்சுக்குழாயையும் மாட்டி, பேசினுக்குள் முகத்தை வைத்து, இறாலுக்கு எத்தனை மீசை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் கடல். அந்த இறாலுக்குப் பெண்கள், பள்ளிக்கூட வாத்தியாரைக் கூப்பிடுகிற மாதிரி, 'சேர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தனுஷாவின் அக்கா கஜானி ஒரு முறை சமையல் அவசரத்தில் அதையும் மற்ற இறால்களோடு சேர்த்துப் பொரித்துவிட்டாள். "எங்கட சேரைப் பொரிச்சுப்போட்டா" என்று வீடு திரும்பும்வரை வான் முழுக்கச் சிரிப்பு.

கஜானியின் வேலை சாப்பாடு. கரையேறி ஒன்பது மணிக்கு ஈரத்தோடு வந்து உட்காருகிறவர்களுக்குப் பிட்டும் பாரைமீன் சொதியும் கூனிச் சம்பலும் சூடாக இருக்க வேண்டும். காத்தான்குடியிலிருந்து வட்டிலப்பம் வரும். கட்டித்தயிர்ச் சட்டி ஒன்று எப்போதும் உண்டு. சாப்பிட்டு முடித்துத் தென்னை நிழலில் பாய் விரித்துச் சாய்ந்தால் பதினொரு மணிவரை ஒருத்தியும் எழும்பமாட்டாள்.

ஆனால் தண்ணீருக்குள் தனுஷா கறார். கரையிலிருந்து, இரு கையும் விரித்த அளவில் அறுபது பாகம் தள்ளி, முருகைக்கல் என்கிற பவளப்பாறை தொடங்குகிற இடத்தில், தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கிற ஓர் அலுமினியக் கேத்தல் கிடக்கிறது. சுனாமி கொண்டுபோனது. மூடி இல்லை. ஒரு பக்கம் பாசி, மறுபக்கம் கல் வளர்ந்துவிட்டது. அதற்குள் மீன் குடியிருக்கிறது. அந்த இடத்துக்கு ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவாள். ஆளுக்கு நூறு எண்ணிக்கை. தண்ணீருக்கு மேலே தலையை வைத்துக்கொண்டு வாய்விட்டு எண்ணுவாள். நூறு என்றதும் தோளில் தட்டு. தட்டினால் திரும்ப வேண்டும். எட்டரைக்கு ஹோட்டல் படகுகள் ஓடத் தொடங்கிவிடும், அதற்குள் எட்டுப் பேரும் பார்த்தாக வேண்டும். கூட ஒரு பத்து எண்ணச் சொல்லிக் கெஞ்சியவர்கள் உண்டு. கஜானி கேட்டதற்கும் கிடைத்தது நூறுதான். "அக்காவெண்டா நூறு பெரிசாகுமா?"

இந்த வானை முதன்முதல் நிரப்பித் தந்தவ ஸகியா ராத்தா. ஐம்பத்திரண்டு வயது, காத்தான்குடி; அங்கே அக்காவை ராத்தா என்பார்கள். தங்கச்சிமார், மருமகள்மார், மகள் அகீலா என்று ஏழு தடவை ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வந்தா. ஏழு தடவையும் தான் மட்டும் இறங்கவில்லை. முதல் முறை சளி, தடிமன். அடுத்த முறை முழங்கால். பிறகு, பேசினுக்குள் இருக்கிற சேர் தன்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார் என்றா. கரையில் இருந்து கஜானிக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துவிட்டு, திரும்பி வருகிறவர்களிடம் என்ன கண்டீர்கள் என்று ஒன்றுவிடாமல் கேட்பா. அத்தனை ஆசையோடு கேட்கிற ஒருத்தி இறங்காமல் இருப்பது தனுஷாவுக்கு விளங்கவில்லை.

போன ஞாயிறு எட்டாவது தடவை. வருகிற வியாழக்கிழமை ராத்தா கட்டாருக்கு, மகனிடம் போகிறா. திரும்பி வர எத்தனை வருடமோ. தனுஷா அதற்கு முந்திய திங்கட்கிழமையே கிளிப்பச்சையில் ஒரு சட்டை வெட்டிவிட்டாள். அளவெடுக்கத் தேவையில்லை, அது அவளுக்கு மனப்பாடம். இந்த முறையும் கரையில் இருந்துவிட்டுப் போனால், கடலுக்கு உள்ளே பார்க்காமலே ராத்தா கடல் தாண்டிப் போய்விடுவா என்ற கவலை கிழமை முழுக்க அவளைத் தின்றது.

ராத்தா சட்டையைப் போட்டா. ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தா. பிறகு வழக்கம்போல மணலில் உட்கார்ந்து தேங்காயை எடுத்தா. மற்ற ஏழு பேரும் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். மணி எட்டு. தனுஷா ஈரத்தோடு வந்து முன்னால் குந்தினாள்.

"தண்ணிக்குப் பயமா ராத்தா?"

"தண்ணிக்கு என்ன பயம்? சுனாமித் தண்ணிக்குள்ள கிடந்து எழும்பினவ நான்." ராத்தா துருவுவதை நிறுத்தவில்லை. "எங்கட வீடு கடலுக்கு ஆறாவது வீடு. சட்டி, பானை, அகீலாட கலியாணத்துக்கு வாங்கி வெச்ச பீங்கான் செட்டு, எல்லாம் உள்ளுக்குத்தானே போன. கீழ பார்த்தனெண்டா ஒவ்வொண்டாத் தேடிக்கிட்டு அங்கேயே நிண்டிருவன் புள்ள. அதான் பயம்."

தலையைத் துவட்டிக்கொண்டிருந்த அகீலா கையை நிறுத்திவிட்டுத் தாயைப் பார்த்தாள். அவள் இதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. ராத்தாவிடம் இதுவரை ஒருத்தியும் கேத்தலைப் பற்றிச் சொன்னதில்லை. முன்கூட்டிச் சொன்னால் சுவை போய்விடும் என்று தனுஷா எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள். இப்போது தானே சொன்னாள்.

"கீழ ஒரு கேத்தல் கிடக்கு. ஆர்ட எண்டு தெரியா. நான் முதல் முதல் கண்ட அண்டைக்கு எங்கட வீட்டுக் கேத்தலாக்கும் எண்டு தூக்கிட்டன். உள்ளுக்கிருந்து பெருவிரல் அளவில ஒரு மீன் வந்து என்ட கண்ணாடில குத்துது. விடுதே இல்ல. வெச்சிட்டுப் போடி எண்டு சொல்ற மாதிரி. வெச்சிட்டன். இப்ப அதுக்குள்ள குடும்பமே இருக்கு ராத்தா."

ராத்தா துருவலையில் ஒட்டியிருந்த தேங்காய்ப்பூவைத் தட்டினா.

"எங்கட கேத்தலுக்குக் கைபிடி ஒடிஞ்சது. கம்பி கட்டி வெச்சிருந்தன்."

"இதுக்குக் கைபிடி நல்லா இருக்கு."

"அப்ப எங்கட இல்ல." தேங்காயை ஒரு முறை திருப்பினா. "ஆர்ட கேத்தலோ." பிறகு தேங்காய்ப் பாதியைக் கஜானியிடம் நீட்டிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு எழும்பினா. "எங்க உன்ட சேர்? கொண்டா பாப்பம்."

பேசினுக்குள் முகத்தை வைத்தா. நிமிர்ந்து, சேருக்கு மீசை எத்தனை என்று எண்ண முடியவில்லை, ஆள் நிற்கிறார் இல்லை என்று முறைப்பட்டா. தனுஷா அதையே சரியான விடையாக எடுத்துக்கொண்டாள்.

அறுபது பாகமும் ராத்தா தனுஷாவின் பெருவிரலை விடவில்லை. நகம் பதிந்த அடையாளம் இரண்டு நாள் இருந்தது. கேத்தலுக்கு நேர் மேலே வந்ததும் தனுஷா நின்றாள். பச்சைச் சட்டை விரியாமல் அமைதியாகக் கிடந்தது. மஞ்சள் தொப்பி அசையவில்லை. மூச்சுக்குழாயில் காற்றுப் போய்வருகிற சத்தம் முதலில் வேகமாகவும் பிறகு ஆறுதலாகவும் கேட்டது. தனுஷா எண்ணத் தொடங்கினாள். நாற்பதில் பெருவிரலைப் பிடித்திருந்த கை இளகியது. எழுபதில் அந்தக் கை விலகி, கீழே எதையோ காட்டுவதுபோல ஒரு விரலை நீட்டியது. கரையில் அகீலா எழும்பி நின்றாள். ஹோட்டல் பக்கம் முதல் படகின் இயந்திரம் இருமியது.

தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு.

தோளில் தட்ட உயர்த்திய கையைத் தனுஷா சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறக்கினாள். படகுக்காரன் பார்க்கும்படி மற்றக் கையை உயர்த்தி அவனை மறித்துக்கொண்டு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள்.